தேத்தண்ணிக்கடையில மானுக்கு ஒரு கதிரை

ஸ்கெட்ச் எழுத வெளிக்கிடுற ஆக்கள் முதல் செய்யிற வேலை பகிடி சேக்கிறது. ஒரு கொப்பி எடுத்து, வட்ஸப்பில வந்தது, கலியாண வீட்டில மாமா சொன்னது, டியூசன் சேர் வகுப்பில அடிச்சு விட்டது எல்லாத்தையும் எழுதி வச்சு, பிறகு அதை ரெண்டு பேற்ற வாயில மாறி மாறிக் குடுத்துவிட்டா ஸ்கெட்ச் வந்திடும் எண்டு நினைக்கினம். அப்பிடிச் செய்தா வாறது ரெண்டு பேர் நிண்டு பகிடி சொல்லுறது. அது கெட்ட வேலை இல்லை, ஆனா ஸ்கெட்ச் வேற சாமான். மூண்டு நாலு நிமிசத்தில ஒரு சின்ன நாடகம், அதுக்குள்ள ஒரேயொரு வினோதம், அந்த வினோதத்தை மேடையில நிக்கிற ஒராள் சத்தியமா நம்புறார், பக்கத்தில நிக்கிற மற்றாளுக்கு ஒரு மண்ணும் விளங்கேல்ல. அடிப்படை இவ்வளவுதான். ஆனா இந்த இவ்வளவைக் கைக்குள்ள பிடிக்கிறதுதான் முழு வேலையும், அதைத்தான் இங்க எழுதப்போறன், ஏனெண்டா தமிழில இதைப்பற்றி ஆற அமர எழுதின ஆக்கள் குறைவு, எழுத ஆசைப்படுற பெடியள் பெட்டையள் எங்கட ஊரில நிறைய.

நாங்கள் திருகோணமலையில கொஞ்சப்பேர் சேர்ந்து எழுதுறம், நடிக்கிறம். ஒராள் கிண்ணியா, ஒராள் உவர்மலை, ஒராள் நிலாவெளிப் பக்கம், வீட்டில சிங்களம் கதைச்சு எங்களோட தமிழ் கதைக்கிற ஒராளும் இருக்கிறா. சித்திரை வருசத்துக்கு வாசிகசாலை, விளையாட்டுக் கழகம் எண்டு ஆரும் கூப்பிட்டா போறது, இல்லாட்டி ஒரு சின்ன மண்டபத்தில பிளாஸ்டிக் கதிரை போட்டு நாங்களே செய்யிறது. எங்கட ஊரில இருட்டினாப் பிறகு சனம் வீட்டை விட்டு வெளிக்கிடாத காலம் கன வருசம் இருந்தது. அதால எனக்கு இரவு எட்டு மணிக்கு ஒரு மண்டபம் நிறைஞ்சு சனம் இருந்து சிரிக்கிறது எண்டா அது சும்மா பொழுதுபோக்கு இல்லை. அந்தச் சனத்துக்கு முன்னால போற நாலு நிமிசத்தை ஒழுங்கா எழுதோணும் எண்டு உண்மையா நினைக்கிறன்.

சரி, வினோதம். இது எங்க கிடைக்கும்? திருகோணமலையில இருக்கிறவைக்கு இது பெரிய கஸ்ரம் இல்லை. வெளியூர் ஆக்கள் முதல்முறை வந்து பஸ் ஸ்ராண்டில இறங்கினவுடன கேக்கிற முதல் கேள்வி, "என்ன இது, மான் றோட்டில நிக்குது?" எண்டதுதான். கோட்டைக்குள்ள மட்டும் இல்லை, சந்தைப் பக்கம், கடற்கரைப் பக்கம், கடை வாசல் எண்டு புள்ளிமான் பாட்டுக்குத் திரியும். கடதாசி தின்னும், வாழைப்பழத்தோல் தின்னும், பாவம் பொலித்தீனையும் தின்னும். எங்களுக்கு அது கண்ணில படுறதே இல்லை. ஓட்டோக்காரர் ஹோன் அடிக்காமல் சுத்திக்கொண்டு போவார். வெளியூர் ஆள் வாயைத் திறந்துகொண்டு நிப்பார். பாத்தீங்களோ, ஒராளுக்கு அது சாதாரணம், மற்றாளுக்கு அது அதிசயம், ஸ்கெட்ச்சுக்குத் தேவையான ரெண்டு பேரும் றோட்டிலயே நிக்கினம்.

அமெரிக்காவில இதைப் பாடமா எடுக்கிற ஆக்கள் இருக்கினம். அப்ரைட் சிட்டிசன்ஸ் பிரிகேட் எண்டு 1990ல சிக்காகோவில தொடங்கி பிறகு நியூயோர்க்கில தியேட்டர் போட்ட குழு, அவை இந்த ஒற்றை வினோதத்தை ‘கேம்’ எண்டு சொல்லுவினம். அதைக் கண்டுபிடிச்சவுடன கேக்கச் சொல்லுற கேள்வி ஒண்டு இருக்கு, நான் படிச்சதிலயே ஆகப் பிரயோசனமான கேள்வி: இது உண்மை எண்டா, வேற என்னென்ன உண்மையா இருக்கும்? இந்தக் கேள்வியை மானிட்டக் கொண்டுபோனம். மானை ஊரில ஒரு பெரியவரா மதிக்கினம், சரி. பெரியவர் எண்டா அவருக்குத் தேத்தண்ணிக்கடையில கதிரை இருக்கும். கடன் கொப்பியில பேர் இருக்கும். அவர் வந்தா எழும்பி நிக்கோணும். ஊரில ஒரு நல்லது கெட்டது எண்டா அவரைக் கேக்காமல் செய்யேலாது. கலியாணப் பேச்செண்டா சாதகம் அவரிட்டப் போகும். இந்த இடத்தில நாங்கள் எல்லாரும் ஒண்டா நிமிந்து இருந்தம், ஏனெண்டா சாதகம் எண்டது கடதாசி, மான் கடதாசி தின்னும். ஆரும் இருந்து யோசிச்ச பகிடி இல்லை அது. கேள்வி தானாக் கொண்டுவந்து விட்டது. வினோதம் சரியா இருந்தா பகிடி தேட வேண்டி வராது எண்டு நான் சொல்லுறது இதைத்தான்.

ஆள் கணக்கு மூண்டு. பஸ் ஸ்ராண்டடிக் கடைக்காரர், முஸ்லிம் ஆள், அண்ணை எண்டு கூப்பிடுற மாதிரி அவரைக் காக்கா எண்டு கூப்பிடுவினம். தினமும் வந்து பேப்பர் பாக்கிற ஒரு அப்பு. கொழும்பில இருந்து இரவு ரெயினில வந்து இறங்கி, கோணேசர் கோயிலுக்குப் போக முதல் ஒரு பிளேன்ரீ குடிக்க வந்த தம்பி. கடையில ஒரு கதிரை மட்டும் வெறுமையா இருக்கு.

காக்கா: அதில இரிக்காதீங்க மகன். ஆள் வாற கதிரை.
தம்பி: ஆக்கள் ஒருத்தரும் இல்லையே.
காக்கா: வாற நேரந்தான். (வாசலைப் பாத்து) ஆ, வந்துட்டார்.
(அப்பு பேப்பரை மடிச்சு வச்சிட்டு எழும்புறார். காக்கா தோளில கிடந்த துவாயால கதிரையைத் துடைக்கிறார்.)
தம்பி: மான்!
காக்கா: மெல்லமாக் கதைங்க. அவருக்குச் சத்தம் ஒத்துவராது.

முதல் அரை நிமிசத்துக்குள்ள வினோதம் வெளிய வந்திட்டுது. இது முக்கியம். தொடக்கத்தில எழுதுற ஆக்கள் எல்லாரும் கதவைத் திறந்து, வணக்கம் சொல்லி, எங்கயிருந்து வாறீங்கள், பிரயாணம் எப்பிடி எண்டு விசாரிச்சு, தேத்தண்ணி ஊத்தி, பிறகுதான் விசயத்துக்கு வருவினம். எங்கட பண்பாடு அப்பிடி, வீட்டுக்கு வந்த ஆளை நேர விசயத்துக்கு இழுக்கிறது மரியாதை இல்லை. ஸ்கெட்ச்சில அந்த மரியாதைக்கு நேரம் இல்லை. சனம் சிரிக்கத் தயாரா இருக்கிறது முதல் அரை நிமிசம்தான், அதுக்குள்ள ‘ஓ, இதுதான் சங்கதி’ எண்டு விளங்கீட்டா பிறகு எவ்வளவு தூரமும் கூட வரும்.

பிறகு ஏத்திறது. ஏத்தம் எண்டா அதே வினோதம் இன்னும் ஒரு படி மேல போறது, புதுசா இன்னொரு வினோதம் வாறது இல்லை. எங்கட முதல் எழுத்தில எல்லாம் வந்தது, பஸ் டிக்கட் விலை, கிரிக்கெட், தம்பி போன் பாக்கிற விதம், பிளேன்ரீக்குச் சீனி கூட. முதல் எழுத்தில எல்லாம் வரட்டும், வரவிடோணும். பிறகு ஒரு சிவப்புப் பேனை எடுத்து, மானோட சம்பந்தம் இல்லாத ஒவ்வொரு வரியையும் வெட்டோணும். அதில ஒரு கண்டக்டர் பகிடி இருந்தது, வாசிக்கேக்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சம், உண்மையா நல்ல பகிடி. அதையும் வெட்டினம். ஏனெண்டா கண்டக்டரைப் பற்றிச் சிரிச்ச சனத்தைத் திருப்பி மானிட்டக் கூட்டிக்கொண்டு வர இன்னும் மூண்டு வரி தேவைப்படுது, அதுக்குள்ள சூடு ஆறீடும். அந்தப் பகிடி இப்ப வேற கொப்பியில இருக்கு, அதுக்கு எண்டு ஒரு பஸ் ஸ்கெட்ச் வரேக்க எடுக்கலாம்.

வெட்டினாப் பிறகு மிஞ்சினது மூண்டு படி. கதிரை முதல் படி. ரெண்டாவது கணக்கு. தம்பி காசு குடுக்கிறார், காக்காவிட்ட மாத்தின காசு இல்லை, "மிச்சத்தை அவர்ட கணக்கில போடுறன், அவர் உங்களுக்குத் தருவார்" எண்டு சொல்லுறார். தம்பி, "மான் எனக்குக் காசு தருமோ?" எண்டு கேக்க, பேப்பர் பாத்துக்கொண்டிருந்த அப்பு தலை நிமித்தாமல், "இண்டைவரைக்கும் ஒருத்தரையும் அவர் ஏமாத்தினதில்லை" எண்டு சொல்லுறார். மூண்டாவது படி சாதகம்.

அப்பு: (மடிச்ச கடதாசியை எடுத்து) மகளுக்கு ஒண்டு பேசி வந்திருக்கு. உப்புவெளிப் பெடியன். நீங்கதான் ஒருக்காப் பாத்துச் சொல்லோணும்.
(கடதாசியை நீட்டுறார். கடதாசி இழுபடுது. கொஞ்சம் கொஞ்சமாக் குறையுது. கை வெறுமையாகுது. ஒருத்தரும் அசையேல்ல.)
தம்பி: சாதகத்தைத் தின்னுட்டுது!
அப்பு: (கண் கலங்கி) பொருத்தம் சரி காக்கா.
காக்கா: பொருத்தம் இல்லையெண்டா துப்பியிருப்பார்.

இந்த அப்புவுக்குக் கண் கலங்கிறது மெய்யாக் கலங்கோணும். இதை எத்தினை தரம் சொன்னாலும் காணாது. நடிக்கிற ஆள் ‘நான் இப்ப பகிடி விடுறன்’ எண்டு முகத்தில ஒரு சின்னக் கோடு காட்டினாலும் எல்லாம் குழம்பீடும். ஒரு தகப்பனுக்கு மகளின்ர கலியாணம் சரிவந்திட்டுது. அவருக்கு அது சந்தோசம், அவ்வளவுதான் அந்த இடத்தில நடக்கிறது. பகிடி எண்டு தெரிஞ்சது சனத்துக்கு மட்டும். அதே மாதிரி தம்பியும் பகிடிக்காரன் இல்லை. தம்பி கேக்கிற ஒவ்வொரு கேள்வியும் சபையில இருக்கிற ஒரு நியாயமான மனிசன் கேக்கிற கேள்வியா இருக்கோணும். புதுசா எழுதுறவை தம்பிக்கும் ரெண்டு பகிடி குடுப்பம், பாவம் அவனுக்கு ஒண்டும் இல்லையே எண்டு நினைப்பினம். குடுக்கக் கூடாது. அவன் நேரா நிக்கிறதாலதான் மற்றவை சரிஞ்சு நிக்கிறது தெரியுது. என்னைக் கேட்டா நல்ல நடிகரைத் தம்பிக்குத்தான் போடோணும், காக்காவுக்கு இல்லை.

மான் எங்க? மேடையில மான் இல்லை. வேசம் போடுவமோ, தலைக்கு அட்டையில கொம்பு கட்டுவமோ எண்டு முதல் கதை வந்ததுதான், விட்டிட்டம். காத்தில இருக்கிற மானைத்தான் எல்லாரும் பாக்கினம். இதுக்கு எங்களுக்குத் துணிவு தந்தது எங்கட சொந்தச் சாமான், கே. எஸ். பாலச்சந்திரன்ர ‘அண்ணை றைற்’ எண்ட தனிநடிப்பு. ஒரு தனி மனிசன், ஒரு யாழ்ப்பாணத்து பஸ் கண்டக்டர். பஸ் இல்லை, ட்ரைவர் இல்லை, பயணிகள் ஒருத்தரும் இல்லை, அவர் ஒராள் கதைக்கிறதில முழு பஸ்ஸும் நெரிபட்டு நிக்கும். கசெற்றில கேட்டுக்கொண்டிருந்த சனம் எல்லாம் அந்தப் பஸ்ஸைப் பாத்தவை. ஒரு பஸ்ஸையே காத்தில ஓட்டலாம் எண்டா ஒரு மானை நிப்பாட்டேலாதோ?

இன்னொரு பக்கத்தால வயோலா ஸ்போலின். சிக்காகோவில 1930களின்ர கடைசியில, வேறவேற நாட்டில இருந்து வந்து குடியேறின குடும்பத்துப் பிள்ளையளோட வேலை செய்த மனிசி. மொழியும் இனமும் குறுக்க நிக்காமல் பிள்ளையள் சேந்து நடிக்கோணும் எண்டு விளையாட்டுக்களா யோசிச்சு எடுத்தவ. அதில ஒண்டு, இல்லாத பந்தை எறிஞ்சு பிடிச்சு விளையாடுறது. எல்லாரும் ஒரே பந்தைப் பாத்தா பாத்துக்கொண்டு இருக்கிறவைக்கும் பந்து தெரியும். அவவின்ர மகன் போல் சில்ஸ் வேற ரெண்டு பேரோட சேந்து 1959 டிசம்பரில சிக்காகோவில தொடங்கினதுதான் ‘செக்கண்ட் சிற்றி’, ஸ்கெட்ச் எழுதிற அமெரிக்க ஆக்கள் எத்தினையோ பேர் வெளிய வந்த தியேட்டர். அங்கயும் முதல்ல கொப்பியில எழுதி வாறது குறைவு, நிண்டு விளையாடிப் பாத்து, நல்லா வந்ததைப் பிறகு எழுத்தாக்கினம். நான் இதை வாசிச்ச நேரம் நினைச்சது, மூண்டு விதமாக் கதைக்கிற எங்கட ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை என்ன இருக்கு எண்டுதான்.

மானை எல்லாரும் ஒரே இடத்தில பாக்கிறது லேசு இல்லை. காக்கா வாசலில பாக்கேக்க மான் இடுப்பளவு உயரத்தில நிக்குது, அப்பு சாதகம் நீட்டேக்க நெஞ்சளவுக்கு வந்திடுது, தம்பி பாக்கேக்க நாய் உயரம். சனத்துக்கு என்ன பிழை எண்டு சொல்லத் தெரியாது, ஆனா சிரிப்பு வராது. அதுக்கு ஒத்திகையில விளக்குமாத்துத் தடியைக் குறுக்க ஒராள் பிடிச்சுக்கொண்டு நடக்கிறது. தடிதான் மான்ர தலை. தடி வாசலால வந்து, கதிரையடியில நிண்டு, அப்புவின்ர கைக்குப் போகும், எல்லாற்ற கண்ணும் தடியோட போகோணும். பிறகு தடியை எடுத்துப்போட்டு அதே பார்வையைச் செய்யிறது. சாதகம் குறைஞ்சுகொண்டு போறதும் அப்பிடித்தான் பழக்கினது. கடதாசியின்ர ஒரு நுனி அப்புவின்ர உள்ளங்கைக்குள்ள, அவர் விரலால மெல்ல மெல்ல உள்ள இழுக்கோணும், ஆனா கையும் தோளும் முன்னால இழுபடுற மாதிரி இருக்கோணும், விட மனமில்லாத மாதிரி ஒருக்கா எதிர்த்து இழுக்கோணும். பக்கத்தில மைக்குக்குக் கிட்ட ஒராள் பழைய பேப்பரைக் கசக்கிறார். கடைசித் துண்டு சட்டைக்கைக்குள்ள போனவுடன அப்பு கையை விரிச்சுக் காட்டுறார். முதல் தடவை சபைக்கு முன்னால செய்யேக்க முன் வரிசைப் பிள்ளையள் எழும்பி நிண்டு கதிரைக்குக் கீழ மானைத் தேடினதுகள்.

மைக் எண்டவுடன இன்னொரு விசயம். எங்கட மண்டபங்களில அனேகமா ஒரு மைக், மிஞ்சினா ரெண்டு. கடற்கரைப் பக்கம் திறந்த வெளியில செய்தா காத்து பாதிச் சொல்லைக் கொண்டு போயிடும். உள்ள எண்டா ஃபான் இரையும். இதை எழுதேக்கையே நினைவில வச்சிருக்கோணும். நாலு பேர் ஒரே நேரத்தில சண்டை பிடிக்கிற காட்சி எழுத்தில அழகா இருக்கும், ஒரு கைமைக்கோட அது நடக்காது. மைக் எங்க நிக்குதோ அங்கதான் கதிரையும் நிக்கோணும், ஆக்கள் கதிரையடிக்கு வர ஒரு காரணம் எழுத்தில இருக்கோணும். எங்களுக்கு மான் அந்தக் காரணம்.

நீளம் பற்றி எல்லாரும் கேப்பினம். ஆங்கிலத்தில ஸ்கிரிப்ட் ஒரு பக்கம் ஒரு நிமிசம் எண்டு ஒரு கணக்கு இருக்கு. தமிழுக்கு அதை நம்பேலாது, எங்கட சொல்லு நீளம், கையெழுத்தும் ஆளுக்கு ஆள் வேற. சத்தமா வாசிச்சு போனில நேரம் பாக்கிறதுதான் ஒரே வழி, சிரிப்புக்கும் இடம் விட்டு வாசிக்கோணும். சத்தமா வாசிக்கேக்க இன்னொண்டும் பிடிபடும், ஒரு வரியில எந்தச் சொல்லு கடைசியா வருது எண்டது. எழுத்துத் தமிழில வினைதான் கடைசி, ஆனா நாங்கள் கதைக்கேக்க அப்பிடியே கதைக்கிறம்? "அவருக்கு இஞ்ச கணக்கு இருக்கு" எண்டு காக்கா சொன்னா ஒருத்தரும் அசையமாட்டினம். "இஞ்ச கணக்கு இருக்கு, அவருக்கு" எண்டு சொல்லி, ‘அவருக்கு’ எண்டதில வாசலைத் திரும்பிப் பாத்தா சிரிப்பு வருது. சிரிக்க வைக்கிற சொல்லுக்குப் பின்னால ஒரு சொல்லும் வரக்கூடாது, ‘தானே’ கூட வரக்கூடாது. பேச்சுத்தமிழ் இதுக்கு எண்டே செய்து வச்ச மாதிரி வளைஞ்சு குடுக்குது, புத்தகத் தமிழில எழுதி வச்சுக்கொண்டு ஏன் எடுபடேல்ல எண்டு கவலைப்படுற ஆக்களுக்கு நான் திருப்பித் திருப்பிச் சொல்லுறது இதுதான்.

பேச்சு எண்டா ஊர்ப்பேச்சும் வரும், இதில நான் கொஞ்சம் கடுமையான ஆள். எங்கட மேடைகளில சுகமான சிரிப்பு எண்டா வெறிகாரன் தள்ளாடுறது, ஆம்பிளை சாறி கட்டி வாறது, வேற ஊர் ஆள், வேற சமயத்து ஆள் கதைக்கிற மாதிரிக் கதைச்சுக் காட்டுறது. மூண்டுக்கும் சனம் உடன சிரிக்கும், அது உண்மை. ஆனா ஒரு நிமிசத்துக்குப் பிறகு ஏத்த இடம் இல்லை, இன்னும் தள்ளாடலாம், அவ்வளவுதான். கதைச்சுக் காட்டுறதில இன்னொரு கரைச்சலும் இருக்கு, அதே மண்டபத்தில அந்தப் பேச்சுக் கதைக்கிற ஒரு உம்மா பின் வரிசையில பேரப்பிள்ளையோட இருக்கிறா. இலங்கை வானொலியில எழுபதுகளில ‘கோமாளிகள் கும்மாளம்’ எண்டு எஸ். ராம்தாஸ் எழுதின தொடர் போனது, மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் எண்டு நாலு பேர், முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் கதைக்கிற தமிழ், ஐயர் தமிழ் எண்டு நாலு பேச்சு, ஊரெல்லாம் றேடியோவுக்குப் பக்கத்தில குந்திக்கொண்டு இருந்த காலம், 1976ல அது படமாவும் வந்தது. அதில நான் எடுத்துக்கொண்ட பாடம், பேச்சு ஆளை அடையாளம் காட்டுறதுக்கு, சிரிப்பு வாறது அந்த ஆளுக்கு என்ன வேணும் எண்டதில. நாலு பேருக்கும் நாலு பேச்சு இருந்தா கண்ணை மூடிக்கொண்டே ஆர் கதைக்கிறது எண்டு தெரியும், எழுதுறவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி! எங்கட காக்காவின்ர வரிகளைக் கிண்ணியா நண்பர்தான் தன்ர வாயால சொல்லிச் சொல்லித் திருத்தினது. நான் எழுதின ‘இருங்கோ’வை ‘இரிங்க’ ஆக்கினது அவர். அதுக்கு ஒருத்தரும் சிரிக்கேல்ல, சிரிக்க வேண்டியதும் இல்லை, ஆனா கிண்ணியாவில செய்யேக்க காக்கா வாயைத் திறந்தவுடன சனம் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டது.

எழுதாமல் விட்டதும் இருக்கு. கிண்ணியாப் பாலம் 2009ல திறந்தது, அதுக்கு முதல் பாதையில, அதுதான் ஆக்களை ஏத்தி இறக்கிற மிதவையில, ஏறித்தான் கடக்கிறது. பாலத்தில பஸ் போகேக்கயும் பாதையில போற நினைப்பில, "எல்லாரும் ஒரு பக்கம் நிக்காதீங்க, சரிஞ்சிடும்" எண்டு பயணிகளை ஒழுங்குபடுத்துற ஒரு பெரியவர். கேம் எண்டு பாத்தா ஒரு குறையும் இல்லை, நம்புற ஆள் இருக்கு, விளங்காத ஆள் இருக்கு, ஏத்தவும் இடம் இருக்கு. கதைச்ச அந்த இடத்திலயே கிண்ணியா நண்பர் வேண்டாம் எண்டார். 2021 நவம்பரில குறிஞ்சாக்கேணியில பாதை கவிண்டு பள்ளிக்கூடம் போன பிள்ளையள் செத்த ஊர் அது. அந்தத் தாய்மார் வந்து இருக்கிற மண்டபத்தில ‘சரிஞ்சிடும்’ எண்ட சொல்லுக்கு ஒருத்தரும் சிரிக்க வேண்டியதில்லை. அதுக்குப் பிறகு அதைப்பற்றி ஒரு கதையும் இல்லை, அடுத்த ஐடியாவுக்குப் போனம்.

முடிவு. இதில ஆகக்கூட நேரம் போகும். மொன்றி பைதன் எண்ட இங்கிலாந்துப் பகிடிக் குழு 1969ல பிபிசியில தொடங்கேக்க, முடிவுக்கு ஒரு பெரிய பகிடி வைக்கிறதையே விட்டினம், நல்லாப் போய்க்கொண்டிருக்கிற ஸ்கெட்ச்சுக்குள்ள பட்டாள அதிகாரி வேசத்தில ஒராள் வந்து, இது விசர்க்கதையாப் போகுது எண்டு நிப்பாட்டிப் போடுவார். அது அவைக்குச் சரி, ரீவியில அடுத்த துண்டுக்குத் தாவலாம். மேடையில லைற் நூர வேணும், நூருற நேரம் சனம் கை தட்டோணும். எங்களிட்ட இருந்த முதல் முடிவு, கோபத்தில தம்பி எழும்பிப் போறது. சரியாத்தான் இருந்தது, ஆனா அதில ஒண்டும் மாறேல்ல. பிறகு ஒராள் கேட்டா, வீட்டில சிங்களம் கதைக்கிற எங்கட ஆள்தான், "இவ்வளவும் பாத்த பிறகு தம்பிக்கும் ஒண்டு கேக்கோணும் எண்டு இருக்காதோ?" எண்டு. அவ்வளவுதான், முடிவு கிடைச்சிட்டுது.

(தம்பி சுத்திமுத்திப் பாக்கிறார். பைக்குள்ள இருந்து ஒரு கடதாசியை எடுக்கிறார்.)
காக்கா: என்ன மகன் அது?
தம்பி: கனடா விசா போர்ம்.
(மானிட்ட நீட்டுறார். எல்லாரும் குனிஞ்சு பாக்கினம். மான் மணந்து பாக்குது. முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளிய போகுது. எல்லாற்ற கண்ணும் வாசல்வரைக்கும் போகுது.)
தம்பி: காக்கா, ஒருக்காத் திருப்பிக் கூப்பிடுங்கோவன்.
(லைற் நூருது.)

விளங்காமல் நிண்ட ஆளும் நம்பத் தொடங்கீட்டார், கேம் முடிஞ்சுது. இதுக்குப் பிறகு ஒரு வரி கூட எழுதேலாது.

அமெரிக்காவில ‘சற்றர்டே நைற் லைவ்’ எண்டு 1975ல இருந்து போற நிகழ்ச்சியில, செவ்வாய் இரவிரவா எழுதி, புதன்கிழமை மேசையைச் சுத்தி இருந்து முப்பது நாப்பது ஸ்கெட்ச் வாசிப்பினம், அதில கொஞ்சம்தான் மிஞ்சும், சனிக்கிழமை சபைக்கு முன்னால ஒத்திகை பாத்து அதிலயும் வெட்டி, இரவு பதினொண்டரைக்கு நேரடியாப் போகும். நாங்கள் அந்த வேகத்தில எழுதுறதில்லை, தேவையும் இல்லை. ஆனா மேசையைச் சுத்தி இருந்து வாசிக்கிற பழக்கத்தை எடுத்துக்கொண்டம். எழுதின ஆள் வாசிக்கக் கூடாது எண்டது எங்கட விதி, மற்றவை வாசிக்கேக்க எந்த இடத்தில தட்டுப்படுதோ அந்த இடம் எழுத்தில பிழை. றோல்ஸும் பிளேன்ரீயும் வாசிச்சு முடிஞ்ச பிறகுதான், இல்லாட்டி வாயில றோல்ஸோட ஒருத்தருக்கும் சிரிக்க ஏலாது.

இப்ப மேசையில இருக்கிறது ஒரு மீன் கடைக்காரி. சந்தையில மீன் விக்கிறா, ஆனா ஒவ்வொரு மீனையும் கட்டிக்குடுக்கப் போற மகள் மாதிரி விசாரிச்சுத்தான் குடுப்பா. "பாரையைக் கொண்டுபோய் என்ன செய்யப்போறீங்கள்?" "பொரிக்கத்தான் அக்கா." "பொரிக்கவோ! இவ்வளவு வடிவா வளந்த பிள்ளையை?" பிறகு வீட்டில ஆர் சமைக்கிறது, மாமியாரோ மருமகளோ, சட்டியோ தாச்சியோ எண்டு விசாரணை போகுது. முதல் ரெண்டு படியும் நல்லா வந்திட்டுது. மூண்டாவது படிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரரை, அதுதான் வாங்க வந்தவரின்ர குடும்பத்தைச் சந்தைக்குக் கூப்பிடுறதோ, இல்லாட்டி மீனிட்டயே சம்மதம் கேக்கிறதோ எண்டு ரெண்டு பக்கமா நிக்கிறம். நான் மீனிட்டக் கேக்கிற பக்கம். கிண்ணியா நண்பர் குடும்பம் வரட்டும் எண்டுறார். ரெண்டையும் எழுதி வாற கிழமை வாசிக்கிறம்.